குறைந்த கட்டணக் கவுன்சலிங்: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

வருமானம் குறைவான குடும்பங்களுக்கும், வீட்டிலோ வெளியிலோ அடிபட்டு நிற்கும் இளையவர்களுக்கும் கவுன்சலிங் கொடுக்கும் இலாப நோக்கமில்லாத அமைப்புகள் பல நாடுகளில் இருக்கின்றன. அப்படிப்பட்ட வேலையில் இருக்கிறவர்கள் நாங்கள். முதல் போனிலேயே கேட்கப்படும் கேள்விகளையும், தயங்கித் தயங்கி மூன்றாவது நான்காவது சந்திப்பில் வெளியே வரும் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறோம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஒவ்வோர் அமைப்புக்கும் தனி விதிகளும் உண்டு, அதனால் நீங்கள் போகும் இடத்தில் இதையெல்லாம் மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறோம்: குறைவாகக் கட்டுகிறவருக்குக் குறைவான உரிமை என்று எதுவும் கிடையாது. முழுக் கட்டணம் கட்டுகிறவர் கேட்கக்கூடிய எல்லாக் கேள்வியையும் நீங்களும் கேட்கலாம்.

எங்கள் பிரச்சினை கவுன்சலிங் வரைக்கும் போகிற அளவுக்குப் பெரியதா?

இதை யோசித்தபடியே மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். தூக்கம், பசி, படிப்பு, வேலை, நட்பு இவற்றில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால் வரலாம். நோய்ப் பெயர் எதுவும் கையில் இருக்க வேண்டியதில்லை. பெற்றோர் பிரிந்தது, வீட்டில் ஒரு சாவு, பள்ளியில் தொடர்ந்து நடக்கும் சீண்டல், அப்பாவின் குடி, வேலை போனது, ஊரைவிட்டு வந்தது, காப்பகத்தில் வளர்ந்து வயது முடிந்ததும் தனியாக வெளியே வந்து நிற்பது என்று எல்லாவற்றுக்கும் வருகிறார்கள்.

“வயசு அப்படி, தானாகச் சரியாகிவிடும்” என்று விடுவதில்தான் எங்களுக்குப் பெரிய வருத்தம். அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லரின் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாளில் மனநலப் பாதிப்பு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கியிருந்தது தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 2006-ல் தொடங்கிய ஹெட்ஸ்பேஸ் என்ற சேவை 12 முதல் 25 வயது வரைக்கும் என்று எல்லை வைத்துக்கொண்டதற்கும் இதுபோன்ற கணக்குதான் அடிப்படை. சீக்கிரம் வந்தால் வேலை சுலபம். வந்து பார்த்து, கவுன்சலிங் தேவையில்லை என்று தெரிந்தால் அதையும் நேராகச் சொல்லி அனுப்புவோம்.

கட்டணத்தை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

பெரும்பாலான அமைப்புகளில் ஒரே விலை கிடையாது. வீட்டு வருமானம் எவ்வளவு, அதில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற இரண்டையும் வைத்து ஒரு படிநிலைப் பட்டியல் இருக்கும், அதில் உங்கள் படிக்கு உரியதைக் கட்டுவீர்கள். சில இடங்களில் வருமானச் சான்று கேட்பார்கள், சில இடங்களில் நீங்கள் சொல்வதே போதும். சான்று இல்லாதவர்கள், அதாவது தினக்கூலிக்காரர்கள், கையில் காகிதமே இல்லாமல் ஊர் மாறி வந்தவர்கள், வீட்டுச் செலவுக்கே பணம் கொடுக்காத கணவரோடு இருப்பவர்கள், இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு வழி இருக்கும்.

அந்தக் குறைந்த தொகைகூட இல்லை என்றால்?

கேளுங்கள். கட்டணமே இல்லாத இடங்கள் சில பல அமைப்புகளில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். பாதியில் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், நாங்கள் இழக்கிற பிள்ளைகளில் பலரை இந்தச் சங்கடத்தில்தான் இழக்கிறோம். பாக்கிக்காக ஒரு பிள்ளையின் சந்திப்பை நிறுத்துகிற அமைப்பு தன் வேலையை மறந்துவிட்டது என்பது எங்கள் கருத்து. பஸ் செலவு, குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது, வேலையில் அரை நாள் சம்பளம் போவது, இவையும் கட்டணம்தான். மாலை நேரத்தில் இடம் உண்டா, பிள்ளையைக் கூட அழைத்து வரலாமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குறைந்த கட்டணம் என்றால் கற்றுக்கொண்டிருப்பவர்களிடம் அனுப்பிவிடுவீர்களா?

சில சமயம், ஆமாம். முதுநிலைப் படிப்பை முடிக்கும் கட்டத்தில் இருக்கும் பயிற்சி ஆலோசகர்கள் இந்த அமைப்புகளில் நிறைய வேலை செய்கிறார்கள், கட்டணத்தைக் குறைத்து வைக்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். இதை மறைக்கக் கூடாது. உங்களைப் பார்க்கப் போகிறவர் பயிற்சியில் இருக்கிறார் என்றால் முதல் நாளே அவர் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டும், அவரை மேற்பார்வை செய்யும் மூத்தவரின் பெயரையும் சொல்ல வேண்டும். அந்த மூத்தவர் வாராவாரம் உட்கார்ந்து அவரோடு ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் பேசுவார். தனியாக கிளினிக் நடத்தும் அனுபவசாலியின் வேலையைப் பல நேரம் யாருமே திரும்பிப் பார்ப்பதில்லை, பயிற்சி ஆலோசகரின் வேலையை இன்னொரு ஜோடிக் கண்கள் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பட்டம் மட்டுமே எல்லாம் என்றும் சொல்ல முடியாது. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் தொடங்கிய நட்பு பெஞ்ச் திட்டத்தில், பயிற்சி பெற்ற வயதான பெண்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களோடு பிரச்சினையைப் பிரித்துப் பார்த்துத் தீர்வு தேடுகிறார்கள். 2016-ல் வெளியான சோதனையில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களிடம் பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் மனச்சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. நல்ல பயிற்சியும், தெளிவான முறையும், கூடவே நிற்கும் மேற்பார்வையும் இருந்ததால்தான் அது நடந்தது. இந்த மூன்றில் ஒன்று இல்லாத இடத்துக்கு, இலவசம் என்றாலும், பிள்ளையை அனுப்பாதீர்கள்.

கவுன்சலர், உளவியலாளர், மனநல மருத்துவர், யாரிடம் போவது?

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதிக் கொடுப்பார். உளவியலாளர் உளவியல் படித்தவர், சோதனைகள் வைத்து மதிப்பீடு செய்வார், பேச்சுவழிச் சிகிச்சையும் தருவார். கவுன்சலர் பேச்சுவழி உதவிக்கென்று பயிற்சி பெற்றவர். எங்கே தொடங்குவது என்பது உங்கள் கவலையாக இருக்க வேண்டாம், மருந்து தேவைப்படலாம் என்று தோன்றினால் நாங்களே அனுப்புவோம்.

முதல் நாள் என்ன நடக்கும்?

நிறையக் கேள்விகள். சந்திப்பு வழக்கமாக 45 முதல் 60 நிமிடம் வரை இருக்கும், முதல் தடவை கொஞ்சம் நீளலாம். என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து, வீட்டில் யார் யார், முன்பு என்ன முயன்றீர்கள் என்று கேட்போம். ஒரு படிவம் கொடுக்கலாம். மனச்சோர்வு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் பிஎச்கியூ-9 என்ற படிவத்தில் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் 27. பிள்ளைகளுக்கு ராபர்ட் குட்மன் 1997-ல் உருவாக்கிய, உணர்வுகளையும் நடத்தையையும் பற்றிய 25 கேள்விப் படிவம் ஒன்றைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். இவை பரீட்சை கிடையாது. மதிப்பெண்ணை வைத்து மட்டும் யாருக்கும் நோய்ப் பெயர் வைக்க மாட்டோம், சில மாதம் கழித்து அதே படிவத்தைத் திரும்பக் கொடுத்து ஏதாவது மாறியதா என்று பார்ப்பதில்தான் அதன் பயன் அதிகம்.

எந்தக் கேள்விக்கும் “இப்போது சொல்ல விருப்பமில்லை” என்று பதில் சொல்லலாம்.

என் மகள் உள்ளே சொல்வதை என்னிடம் சொல்வீர்களா?

பெற்றோர் கேட்கும் கேள்விகளில் எங்களுக்கு மிக முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பொதுவாக, சொல்ல மாட்டோம். சந்திப்புக்கு வருகிறாளா, மொத்தத்தில் எப்படி இருக்கிறாள், வீட்டில் நீங்கள் என்ன செய்தால் உதவும், இவற்றைச் சொல்வோம். அவள் யாரை விரும்புகிறாள், உங்களைப் பற்றி என்ன கோபம், சிகரெட் பிடித்துப் பார்த்தாளா என்பதெல்லாம் அந்த அறைக்குள்ளேயே இருக்கும். வெளியே போகும் என்று தெரிந்த நிமிடமே பிள்ளைகள் நல்ல பிள்ளைபோலப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், அதன்பின் அந்த ஒரு மணி நேரத்தால் யாருக்கும் பயனில்லை.

ஆனால் எல்லை உண்டு. அவள் உயிருக்கு ஆபத்து, அவளால் இன்னொருவருக்கு ஆபத்து, அல்லது அவளை யாரோ அடிக்கிறார்கள், பாலியல் ரீதியாகத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் நாங்கள் சும்மா இருக்க முடியாது. இன்னொருவருக்கு ஆபத்து என்ற விஷயத்தில் 1976-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தராசாஃப் வழக்கில் கொடுத்த தீர்ப்பு உலகம் முழுக்கப் பேசப்படுகிறது: ஒருவரைக் கொல்லப்போவதாக நோயாளி சொன்னால், அந்த நபரைப் பாதுகாக்க வேண்டிய கடமை சிகிச்சை தருபவருக்கு உண்டு என்றது நீதிமன்றம். குழந்தைகள் மீதான வன்முறையை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது பல நாடுகளில் சட்டக் கட்டாயம்.

இந்த எல்லைகளை முதல் நாளே, பிள்ளையும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, அவளுக்குப் புரிகிற வார்த்தைகளில் சொல்வோம். பின்னால் ஒன்றை வெளியே சொல்லியே ஆக வேண்டும் என்று வந்தால், முடிந்தவரை அவளிடம் முதலில் சொல்லிவிட்டு, எப்படிச் சொல்லலாம் என்று அவளிடமே கேட்டுவிட்டுத்தான் சொல்வோம். உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும், தெரியும். பெற்ற பிள்ளையின் மனசில் இருப்பது இன்னொருவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாமல் இருப்பது லேசான விஷயமில்லை. அந்தத் தவிப்பையும் எங்களிடம் பேசலாம்.

எனக்கு 16 வயது. அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் வரலாமா?

நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. சில இடங்களில் ஒரு வயதுக்கு மேல் நீங்களே சம்மதம் தரலாம், சில இடங்களில் 18 வரைக்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஆனால் கேட்பதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம். போன் செய்து, பெயர்கூடச் சொல்லாமல், “என் வயசு இவ்வளவு, நான் தனியாக வர முடியுமா, வந்தால் வீட்டுக்குத் தெரியுமா, வீட்டுக்கு பில்லோ மெசேஜோ போகுமா” என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், ரகசியம் பெரும்பாலும் அப்படித்தான் வெளியே போகிறது. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, உங்களைப் பாதிக்கும் விஷயத்தில் உங்கள் கருத்தைச் சொல்லவும் அது மதிக்கப்படவும் உங்களுக்கு உரிமை உண்டு என்கிறது. பல சமயம், வீட்டில் எப்படிச் சொல்வது என்பதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டு கவுன்சலரோடு ஒத்திகை பார்க்கலாம்.

என் மகன் வரவே மாட்டேன் என்கிறான்.

இழுத்துக்கொண்டு வராதீர்கள். டாக்டரிடம் காய்ச்சலுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்து வருவது அதைவிட மோசம், அதற்கப்புறம் அந்த அறையில் இருக்கிற யாரையும் அவன் நம்ப மாட்டான். “உன்னிடம் ஏதோ கோளாறு” என்று தொடங்காமல், “நீ ராத்திரி தூங்காமல் இருப்பதைப் பார்க்கிறேன், எனக்குக் கவலையாக இருக்கிறது” என்று நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை வந்து பார், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்று சொல்லிப் பாருங்கள், சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அப்படியும் மறுத்தால் நீங்கள் மட்டும் வாருங்கள். வீட்டில் ஒருவர் பேசும் விதம் மாறினாலே மற்றவர்கள் நடப்பதும் மாறத் தொடங்குகிறது, பல பையன்கள் அம்மா நாலு தடவை போய்வந்த பிறகு தானாகவே “நானும் வரட்டுமா” என்று கேட்டிருக்கிறார்கள்.

பிரச்சினை அவனிடம்தானே? நாங்கள் எதற்கு உட்கார வேண்டும்?

1960-களில் நியூயார்க் பகுதியில் வில்ட்விக் என்ற விடுதிப் பள்ளியில், ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த, சட்டத்தோடு மோதிய பையன்களோடு சால்வடார் மினுச்சின் என்ற மனநல மருத்துவர் வேலை செய்தார். பையனை மட்டும் தனியாக உட்கார வைத்துப் பேசுவது போதவில்லை என்று கண்டு, குடும்பத்தையே அறைக்குள் அழைத்துச் சிகிச்சை செய்ய ஆரம்பித்தார் அவரும் அவர் குழுவும். குடும்ப சிகிச்சை என்ற துறையின் முக்கியமான வேர்களில் ஒன்று அந்தப் பள்ளி. நாங்களும் அன்றாடம் இதைத்தான் பார்க்கிறோம்: பிள்ளை பேசக் கற்றுக்கொள்கிறது, வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்க யாரும் இல்லை என்றால் இரண்டு வாரத்தில் பழையபடி கதவைச் சாத்திக்கொள்கிறது.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காகக் கூப்பிடவில்லை. இரண்டு வேலை பார்த்துவிட்டு, வாடகைக்கு அலைந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வந்து பொறுமையாகப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். பல குடும்பங்களில் நாங்கள் முதலில் செய்வது ரேஷனோ, வாடகை உதவியோ, பள்ளியில் ஒரு சிபாரிசோ கிடைக்க யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவதுதான். வீட்டில் நெருக்கடி தணியாமல் மனசு தணியாது.

வீட்டில் அடிக்கிறார். குடும்பத்தோடு சேர்ந்து வரச் சொல்வீர்களா?

மாட்டோம். அடிக்கிறவரையும் அடிபடுகிறவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து மனம்விட்டுப் பேசச் சொன்னால், உள்ளே சொன்னதற்கு வீட்டில் அடி விழும். தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும், முதலில் பாதுகாப்புத் திட்டம், மற்றதெல்லாம் அப்புறம். யாராவது சேர்ந்தே வரச் சொல்லி வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். எங்களைத் தொடர்புகொள்ளும்போது எந்த நம்பருக்குக் கூப்பிடலாம், எப்போது கூப்பிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தற்கொலையைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிட மாட்டோமா?

மாட்டோம். மேடலின் கூல்டும் குழுவினரும் நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலோ அந்த எண்ணமோ கேட்கப்படாதவர்களைவிட அதிகமாகவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்களுக்குக் கேட்டதால் கெடுதல் வந்ததாகவும் தெரியவில்லை. சுற்றி வளைக்காமல், “செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், அழுது அவர்களைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்காதீர்கள். “சொன்னது நல்லது” என்று சொல்லிவிட்டுக் கூடவே இருங்கள். மருந்து, பூச்சிக்கொல்லி, கயிறு, ஆயுதம் என்று வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை அப்புறப்படுத்துங்கள். அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பல பேருக்குக் குறுகியது, அந்த நேரத்தில் கைக்கு எதுவும் சிக்காமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றுகிறது.

இன்று ராத்திரியே ஆபத்து என்றால்?

எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். கவுன்சலிங் மையங்கள் பெரும்பாலும் அவசர சேவை கிடையாது, ராத்திரியில் போனை எடுக்க ஆள் இருக்காது. அவசர எண்ணையோ, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். அந்த நபரைத் தனியாக விடாதீர்கள். மறுநாள் எங்களுக்குச் சொல்லுங்கள்.

காத்திருப்போர் பட்டியல் நீளம் என்கிறார்களே?

உண்மைதான், குறைந்த கட்டணம் இருக்கும் எல்லா இடத்திலும் இதுதான் நிலைமை. பெயர் கொடுக்கும்போது எத்தனை வாரம் ஆகும் என்று கேளுங்கள், எந்த நேரமும் வர முடியும் என்றால் அதையும் சொல்லுங்கள், யாராவது கடைசி நிமிடத்தில் வராமல் போனால் அந்த இடம் உங்களுக்குக் கிடைக்கலாம். குழு சந்திப்புகளில் பெரும்பாலும் சீக்கிரம் இடம் கிடைக்கும். காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் மறுபடி போன் செய்யுங்கள், வரிசை மாறும்.

எத்தனை தடவை வர வேண்டும்?

பிரச்சினையைப் பொறுத்து. அதிர்ச்சியான அனுபவத்துக்கு ஆளான பிள்ளைகளுக்கென்று உள்ள அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) வழக்கமாக 12 முதல் 16 சந்திப்புகள் வரை போகும். சிலருக்கு மூன்று போதும், சிலருக்கு ஒரு வருடம் வேண்டும். நாலைந்து சந்திப்புக்கு ஒரு தடவை நிறுத்தி, “எதற்காக வந்தோம், அது நகர்ந்ததா” என்று சேர்ந்து பார்க்க வேண்டும், உங்கள் கவுன்சலர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

கவுன்சலரைப் பிடிக்கவில்லை. இலவசமாகக் கிடைப்பதில் குறை சொல்லலாமா?

சொல்லலாம், சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-ல் எழுதியபடி, எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் நடுவில் ஒரு பிணைப்பு, இந்த மூன்றும் சேர்ந்துதான் சிகிச்சை உறவு. அந்த உறவு பலமாக இருந்தால் பலனும் நன்றாக இருக்கிறது என்று அதற்கப்புறம் வந்த ஏராளமான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே “இவர் எனக்கு ஒத்துவரவில்லை” என்பது நன்றிகெட்ட பேச்சு ஆகாது. முடிந்தால் அவரிடமே சொல்லுங்கள், சில சமயம் அந்தப் பேச்சிலேயே எல்லாம் திரும்பிவிடும். முடியாவிட்டால் வரவேற்பில் சொல்லி வேறு ஆள் கேளுங்கள். உங்கள் சாதி, மதம், யாரை விரும்புகிறீர்கள் என்பதை வைத்து ஒருவர் உங்களைச் சிறுமைப்படுத்தினாலோ, தொடக் கூடாத விதத்தில் தொட்டாலோ, அது பிடிக்கவில்லை என்ற கணக்கில் வராது, அது புகார். எழுத்தில் கொடுங்கள்.

பள்ளிக்கும், உங்களுக்கு நன்கொடை தருகிறவர்களுக்கும் எங்கள் விவரம் போகுமா?

உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பள்ளிக்குப் போகாது, பள்ளியே உங்களை அனுப்பியிருந்தாலும் சரி. நீதிமன்ற உத்தரவு வந்தால் நிலைமை வேறு, அப்போதும் உங்களுக்குச் சொல்வோம். நன்கொடை தருகிறவர்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான் போக வேண்டும்: எத்தனை பேர் வந்தார்கள், எந்த வயது என்று. நிதி திரட்டும் படத்துக்கோ கட்டுரைக்கோ உங்கள் பிள்ளையின் முகத்தையும் கதையையும் கேட்டால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, மறுத்ததால் ஒரு சந்திப்புகூடக் குறையக் கூடாது. அந்தக் கேள்வியைக் கேட்பதே தவறு என்று நாங்கள் நினைக்கிறோம், உதவி வாங்கும் இடத்தில் இருக்கிற ஒருவரால் மனசார மறுக்க முடியாது.

வீடியோவில் பேசலாமா?

பேசலாம், தொலைவில் இருப்பவர்களுக்கு நல்ல வழி. ஆனால் ஒரே அறை வீட்டில் தம்பி தங்கைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேச முடியாது, அப்படியென்றால் நேரில் வாருங்கள், அல்லது எழுத்து வழி சாட் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு நேரில்தான் சரி, அவர்கள் பேசுவதைவிட பொம்மையிலும் படத்திலும்தான் அதிகம் சொல்வார்கள்.

மூன்று தடவை வந்துவிட்டு நிறுத்திவிட்டேன். திரும்ப வர முடியுமா?

முடியும். ஏன் நின்றீர்கள் என்று விசாரணை நடத்த மாட்டார்கள். பழைய கவுன்சலர் இன்னும் இருந்தால் அவரையே கேட்கலாம், அவர் பயிற்சி முடிந்து போயிருந்தால், நீங்கள் அனுமதித்தால் மட்டும் பழைய குறிப்புகளைப் புதியவர் படித்துக்கொள்வார், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரலாம். இடையில் வருமானம் மாறியிருந்தால் போனிலேயே சொல்லிவிடுங்கள், கட்டணத்தையும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.